நேர்ச்சைக் கல்

கல்லைக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

சிசிலி ஆஸ்பத்திரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மலையிலிருந்து போர்த்திக்கொண்டு வந்த கம்பளியை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். கீழே கார்த்திகை மாதத்திலும் புழுதி சுட்டது. உள்ளே அவள் புருஷன் சுவக்கீன் விலாவில் கட்டோடு படுத்திருந்தான். கல்லடைப்பு. தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டும்போது கத்தியைப் போட்டுவிட்டுப் பாத்தியில் சுருண்டுவிடுவான். அதற்காகத்தான் ஆபரேஷன்.

எடுத்த கல்லைச் சீசாவில் போட்டு டாக்டர் காட்டியிருந்தார். கொட்டைப்பாக்கு அளவு. மஞ்சள் ஓடிய வெள்ளை. ஒரு பக்கம் லேசாகச் சில்லுப் பெயர்ந்திருந்தது.

"அத வச்சு என்னம்மா பண்ணப் போற?"

"நேர்ச்சைங்கய்யா. சுகமாச்சுன்னா கல்லக் கொண்டாந்து செபஸ்தியார் காலடியில வைக்கேன்னு நேந்திருக்கேன்."

"வெள்ளியில ஒரு வயிறு செஞ்சு வையி. உங்க ஆளுக அப்பிடித்தான வைப்பாக?"

"வெள்ளிக்கு நான் எங்க போவேன்? மாடு வித்த துட்டு ஒங்க மேசையிலல்லா கெடக்கு."

மருந்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் ஆஸ்பத்திரி சொத்தும்மா."

"அவுக வயித்துல வெளஞ்சது எப்பிடிய்யா ஒங்க சொத்தாவும்?"

இருமிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எழுந்து வந்தார். "குடுத்துருங்க டாக்டரே. சாமி காரியம்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

உதவியாள் கல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். சீசாவைத் தரவில்லை. அவன் முகம் வீட்டில் இழவு விழுந்தவன் முகம்போல இருந்தது. அது அவளுக்குப் பிற்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கட்டுப் பிரித்து லாரியில் மலையேறும்போது சுவக்கீன் ஆஸ்பத்திரிப் பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ரத்தம் ஒரு பாட்டில்னு போட்டிருக்கு."

"அது என் கையில எடுத்ததுல்லா?"

"அதுக்கும் வெல போட்டிருக்கான்."

"என் ரத்தத்த எனக்கே வித்துட்டானா?" அவள் சிரித்தாள். "நல்ல ஏவாரிதான்."

"எனக்கு ஏத்துனத நீ பாத்தியாட்டி?"

"கதவ அடைச்சிட்டாகளே. வேற யாருக்கு ஏத்தப் போறாக?"

அவனும் சிரிக்கப் பார்த்தான். வலித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டான். தையல் வலி என்று நினைத்தான்.

*

எஸ்டேட்டுக்குச் சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி மூணாறில் இருந்தது. காசு கிடையாது. ஆனால் டிவிஷன் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அங்கே படுக்கப் போட்டுப் பார்ப்பார்கள். கம்பவுண்டர் நல்லதம்பி சுவக்கீனுக்குச் சீட்டு எழுதவில்லை. "அங்க வருசக் கணக்காக் காத்துக் கெடக்கணும். சீமை டாக்டரு, நம்ம பாசை தெரியாது. கீழ நம்ம டாக்டரு இருக்காரு. காலையில படுத்தா மத்தியானம் கல்லு கையில" என்றார். வண்டிக்கும் அவரே ஏற்பாடு செய்தார். எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருந்தார். அனுப்புவதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கறிக்கடைக்கு ஆளைக் கூட்டிப்போனாலும் ஒரு துண்டு ஈரல் கிடைக்கத்தானே செய்கிறது.

ஆபரேஷனுக்காக விற்ற செவலைப் பசுவைக் கங்காணி மாரப்பன் வாங்கியிருந்தார். அவர் தொழுவம் லயத்துக்கு எதிர்ச் சரிவில். தினமும் காலையில் சிசிலி கொழுந்துக் கூடையோடு போகும்போது செவலை அவளைப் பார்த்துக் கத்தும். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

தை மாதம் பனி கடுமையாக விழுந்தது. விடியும்போது பள்ளத்துத் தேயிலை மேல் உப்புக் கொட்டியதுபோல வெள்ளை படிந்திருந்தது. வெயில் ஏறியதும் செடிகள் கருகின. பள்ளம் முழுவதும் தீப் பிடித்த காடு மாதிரி ஆயிற்று. கருகியதை எல்லாம் கவாத்து வெட்டவேண்டும். கத்தி பிடிக்கிற ஆள் ஒருவனைக்கூட விடமுடியாது என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது.

அந்த மாதம்தான் செபஸ்தியார் திருநாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. நேர்ச்சை செலுத்துகிறவன் பொருளை வைத்துவிட்டுச் சும்மா வரக்கூடாது. பீடத்தின் முன்னால் சனங்களைப் பார்த்து நின்று, பெற்றுக்கொண்ட சுகத்தை வாயால் சொல்லவேண்டும். சொல்லாத நேர்ச்சை செல்லாது.

திருநாளுக்கு முந்திய சாயங்காலம் சுவக்கீன் உபதேசியார் பவுல்ராஜைத் தேடிப் போனான். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் கையில். அவர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, இன்னும் வலி நிக்கல. அடுத்த திருநாளுக்குச் சொல்லட்டா?"

"எங்க வலி?"

"அதே எடந்தான்."

"வெட்டுன எடம் வலிக்காம இனிக்குமாடே? கல்லு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"பெறகென்ன? கல்லு வந்த பெறவும் சுகமாவலன்னு சொன்னா யாரக் குத்தஞ் சொல்லுத? செபஸ்தியாரயா?"

"இல்ல..."

"அம்பு தச்சு நின்னவரு அவரு. நீ ஒரு தையலுக்கு அழுத. அந்தக் கயித்தப் பிடி."

சுவக்கீன் கயிற்றைப் பிடித்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் கல்லைப் பித்தளைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றான். எஸ்டேட்டின் மூன்று டிவிஷன் சனமும் கூடியிருந்தது. வெளியே பொங்கல் பானைகள் புகைந்தன. "என் வயித்துல இருந்த கல்லு இதுதான். செபஸ்தியார் பரிந்து பேசி எனக்கு முழுச் சுகம் வாங்கித் தந்தாரு" என்றான். முழு என்ற வார்த்தை உபதேசியார் சொல்லிக் கொடுத்தது. சொல்லும்போதே விலாவில் ஒன்று குத்தி அடிவயிறு வரை இறங்கிற்று. பல்லைக் கடித்துக்கொண்டான். உருகி நிற்கிறான் என்று பெண்கள் அழுதார்கள்.

வரிசையாக வந்து கல்லை முத்தமிட்டார்கள். வயிற்றுவலிக்காரர்கள் அதை எடுத்து வயிற்றில் தேய்த்துக்கொண்டார்கள். கீழ் டிவிஷன் செபமாலையம்மாள் முறை வந்தது. கைம்பெண். கல்லைக் கையில் எடுத்தவள் வைக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நவருங்க யக்கா" என்றாள் பின்னால் நின்றவள்.

செபமாலையம்மாள் கட்டைவிரல் நகத்தைச் சில்லுப் பெயர்ந்த இடத்தில் வைத்தாள். நகம் அதில் சரியாகப் படிந்தது.

"ஏ சிசிலி, இங்க வா."

"என்னக்கா?"

"இது எங்க வீட்டுக்காரர் கல்லுட்டி."

"என்னக்கா சொல்லுதீக?"

"அதே டாக்டருதான். போன கோடையில சீசாவத் தொறந்து காட்டுனாரு. நான் எடுத்து நகத்தால நோண்டுனேன். சில்லு பேந்துது. அந்த உதவிக்காரப் பய 'கல்லச் சொரண்டாத கிழவி'ன்னு பிடுங்கிட்டான். இந்தா பாரு. எந்த ஊருல எந்தக் கல்லு என் நகத்துக்கு அளவெடுத்து வெளையும்?"

அவள் புருஷன் ஆபரேஷன் முடிந்து மலையேறிய மாதமே மூத்திரம் அடைத்துச் செத்துப்போயிருந்தான்.

சிசிலி கல்லை வாங்கிப் பார்த்தாள். இழவு விழுந்த அந்த முகம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாருக்கும் காட்ட அவன்கிட்ட இருந்தது இந்த ஒண்ணுதானாக்கும்" என்றாள்.

*

கம்பவுண்டர் நல்லதம்பி ஜன்னல் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து பொடி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று வேளைப் பொடி. எந்த நோய்க்கும் வெந்நீரில்.

"பெரிய ஆசுபத்திரிக்குச் சீட்டு எழுதித் தாங்கய்யா" என்றான் சுவக்கீன்.

"எதுக்கு?"

"கல்லு உள்ளதான் இருக்கு."

"அப்பக் கோயில்ல இருக்கது?"

"அது வேற யாரோடதோ."

நல்லதம்பி மடிப்பதை நிறுத்தினார். "நீ சுகமாயிட்டன்னு ஆபீசுக்கு எழுதியாச்சு. நாளைக்குக் காலையில பேரு கூப்புடுறப்பக் கத்தியோட பெரட்டுல நில்லு. இல்லன்னா பேர வெட்டிருவாக."

சீட்டு எழுதமாட்டார் என்பது சிசிலிக்குப் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கல்லை எடுத்துவிட்டால் அவர் கதி என்ன? அவள் ஆபீசுக்குப் போனாள். பெரிய கிளார்க் வெங்கிடாசலம் பாலக்காட்டு ஐயர். முதலில் எட்டிப் பார்க்கவில்லை. அவள் ஆபீஸ் வராந்தாவிலும் உட்கார்ந்தாள். குதிரையிலிருந்து இறங்கிய எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை அவளைப் பார்த்து, என்ன என்று கேட்டார்.

விசாரணை சனிக்கிழமை நடந்தது. துரை நாற்காலியில். பக்கத்தில் வெங்கிடாசலம். கம்பவுண்டர், உபதேசியார், கங்காணி மாரப்பன், செபமாலையம்மாள், வராந்தாவுக்கு வெளியே மழைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாதி லயம்.

வெங்கிடாசலம் சுவக்கீனிடம் கேட்டார்: "கீழே உள்ள ஆஸ்பத்திரி மதராஸ் ராஜ்யமாக்கும். அந்த டாக்டரை நாம ஒண்ணும் கேக்க முடியாது. உன் தேகம் சொகமாச்சா இல்லையா, அதை மட்டும் துரை கேக்கறார்."

"ஆவலைங்க."

"நீதானேடா கோவில்லே எல்லாரும் கேக்கச் சொன்னாய், முழுச் சொகம்னு?"

"சொன்னேங்க."

"அது பொய்யா, இது பொய்யா? ரெண்டிலே ஒண்ணு பொய்யாக்கும்."

சுவக்கீன் வெளியே பார்த்தான். அத்தனை பேரும் அந்தக் கல்லை முத்தமிட்டவர்கள்.

"அப்ப எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாததை எதுக்குச் சொன்னாய்?"

"வழக்கங்க."

வெங்கிடாசலம் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை புருவத்தைத் தூக்கினார்.

செபமாலையம்மாள் முன்னால் வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அந்தக் கல்லத்தாங்க காட்டுனாக. என் நக அடையாளம் இருக்கு."

"உன் ஆம்படையான் எங்கே?"

"செத்துப்போனாக."

"இவன் ஜீவனோட நிக்கறானே. அப்போ இவனுக்குச் சரியாத்தானே பண்ணியிருக்கா?"

"கல்லக் கொண்டாரச் சொல்லுங்க சாமி. நகத்த வச்சுக் காட்டுதேன்."

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"திருநாள் கூட்டத்துல களவு போயிரக் கூடாதேன்னு பீடத்துல சிமிட்டி வச்சுப் பூசிட்டேன்."

"எந்தப் பக்கம் மேல இருக்கு?" என்றாள் சிசிலி.

"வழவழன்னு இருந்த பக்கம்."

"பேத்துக் குடுங்க."

"பீடத்த ஒடைக்கச் சொல்லுதியா? சாமியார் உத்தரவு வேணும். அவரு இனி மாசியிலதான் வருவாரு."

வெளியே நின்றவர்களில் ஒருத்தி, "சுகங் குடுத்த சாமிய கோர்ட்டுக்கு இழுக்காளே இவ" என்றாள்.

"ஒனக்கு வயித்துவலி நின்னுச்சாட்டி?" என்று திரும்பிக் கேட்டாள் செபமாலையம்மாள்.

"நின்னுச்சே."

"பேதி மருந்து குடிச்சதச் சொன்னியா செபஸ்தியார்கிட்ட?"

துரை எழுந்துவிட்டார். கம்பவுண்டர் எழுதியது எழுதியபடி நின்றது. திங்கட்கிழமை முதல் சுவக்கீன் கவாத்துக்குப் போனான்.

*

கவாத்து வெட்டுகிறவன் இடுப்பை வளைத்து, ஒரே வீச்சில் சாய்வாக வெட்டவேண்டும். கிளை பிளக்கக் கூடாது. பிளந்தால் மழைத்தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். சுவக்கீன் நல்ல கத்திக்காரன். நான்கு செடி வெட்டுவான், உட்காருவான், எழுந்து நான்கு வெட்டுவான். மாரப்பன் பார்த்தும் பாராமலும் போவார். மற்றவர்கள் அவன் வரிசையில் ஆளுக்கு இரண்டு செடி வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் அப்படியே இருக்கும். பால் இல்லாத கட்டஞ்சாயா மட்டும் குடிப்பான்.

"திரும்பப் போயி ஆபீசு வராந்தாவுல உக்காரட்டா?" என்பாள் சிசிலி.

"உக்காந்து?"

அவள் கிழங்கை மூடி வைப்பாள்.

ஒரு மத்தியானம் கருகிய பள்ளத்தின் நடுவில் விழுந்தான். இந்த முறை சுருளவில்லை, நீட்டிக் கிடந்தான். மூத்திரம் ரத்தமாகப் போயிருந்தது. மாரப்பன் ஓடிவந்தார்.

"கம்பவுண்டர் சீட்டு?" என்றான் ஒருவன்.

"சீட்டாவது மயிராவது. காட்டுல விழுந்தவனுக்குச் சீட்டு எதுக்குலே? கம்பளிய விரி."

கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொழுந்து லாரியை மறித்து ஏற்றினார்கள். மாரப்பனும் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீமை டாக்டர் வயிற்றைத் திறந்தார். ஒரு சிறுநீரகம் அழுகியிருந்தது. அதை எடுத்தார்கள். நர்சு மலையாளி. வெளியே வந்து சிசிலியிடம் சொன்னாள்:

"முன்னே செஞ்சது ஆப்பரேஷனே இல்ல கேட்டோ. தொலி மாத்திரம் கீறித் தச்சிருக்கு. உள்ளே கத்தியே போகல."

"டாக்டரய்யாவ எழுதித் தரச் சொல்லுங்க தாயி."

"கேட்டேன். அடுத்த ராஜ்யத்து டாக்டர் காரியம், நான் எழுதமாட்டேன்னு சொல்லிட்டார்."

நர்சு பஞ்சில் வைத்து ஒன்றை நீட்டினாள். கல். கறுப்பு. புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. மேலெல்லாம் முள் முள்ளாக இருந்தது.

சிசிலி அதை முந்தியில் முடிந்துகொண்டு நேராக ஆபீசுக்குப் போனாள். வெங்கிடாசலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

"இது ரெண்டாவது கல்லா இருக்கலாமே. ஒருத்தன் வயத்திலே ஒண்ணுதான் இருக்கணும்னு சட்டமா?"

லயத்திலும் காட்டினாள். "இத்தனூண்டா?" என்றார்கள். "இதுக்கா அவ்வளவு சத்தம் போட்டான்?" கோயில் கல் பெரியது. பார்க்க லட்சணமாக இருந்தது. உபதேசியார் மட்டும் மகிழ்ந்தார். "பாத்தியா, மிச்ச சுகத்தையும் குடுத்துட்டாரு. அடுத்த திருநாளுக்கு அவன் ரெண்டாவது வாட்டி சொல்லணும்" என்றார்.

சுவக்கீன் வீட்டுக்கு வந்தபோது மாரப்பன் ஒரு செம்பில் பால் கொடுத்தனுப்பினார். செவலையின் பால். சிசிலி காய்ச்சி அவனுக்குக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

இனி அவனால் கத்தி பிடிக்க முடியாது. நாற்றுப் பண்ணையில் காவல், கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குப் பிடிப்பது போன்ற லைட்டு வேலை இருந்தது. அதற்குக் கம்பவுண்டர் எழுதித் தரவேண்டும். எழுதாவிட்டால் பேர் வெட்டுப்படும். வீட்டில் ஒரு பேர் மட்டும் பதிவில் இருந்தால் தனி வீடு கிடையாது. வேறொரு குடும்பத்தோடு ஒரே அறையில் நடுவே சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்லதம்பியே வந்தார். கையில் பன்னும் சர்க்கரைப் பொட்டலமும். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன சுவக்கீன், தேவலையா?"

"கெடக்கேன்."

"நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. இந்தா, லைட்டு வேலைக்கு எழுதிக் கொண்டாந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து முழங்காலில் விரித்தார். "கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

சிசிலி அடுப்பங்கரை நிலையில் நின்றாள். "என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றாள்.

"ஒரு கல்லு எடுத்தாகளாமே. பாக்கலாமா?"

அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"சின்னதுதான்."

"அது போதும்ல."

"நெசக் கல்லு. முள்ளப் பாத்தாலே தெரியுது." குரலைத் தணித்தார். "கீழ டாக்டரு ஆள் விட்டிருந்தாரு. அவருகிட்ட இருந்ததத்தான் நீங்க கொண்டாந்துட்டீங்க. நோயாளி பயந்துக்கிட்டு வாரான். ஒண்ணக் கண்ணால காட்டுனாத்தான அவனுக்குத் தைரியம் வரும்? ஒங்களுக்கு இத வச்சு என்ன பிரயோசனம்? நான் எடுத்துக்கிடுதேன். இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

வெளியே செவலை கத்தியது. கறக்கிற நேரம் அல்ல. சும்மா கத்தியது.

"குடுத்துரு" என்றான் சுவக்கீன். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"குடுக்கட்டா?"

"குடுத்துருட்டி. வீடு போயிரும்."

சிசிலி கம்பவுண்டர் கையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டாள். "மடிச்சுக் கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

நல்லதம்பி பேனா மூடியைத் திருகினார். உள்ளே அம்மியில் குழவி இறங்குகிற சத்தம் கேட்டது. முதலில் நறநறவென்று. பிறகு மசிகிற சத்தம். சுவக்கீன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் டிஸ்பென்சரிப் பொட்டலம் மாதிரியே நாலு மூலையும் மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"டாக்டருகிட்டக் குடுங்க. மூணு வேள. வெந்நீர்ல."

நல்லதம்பி பிரித்தார். கறுப்புப் பொடி. கொஞ்சம் மிளகாய் வாசனை. அவர் பொட்டலத்தைத் தரையில் தட்டினார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். போகும்போது பன்னையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு போனார்.



"இனி என்னட்டி செய்ய?" என்றான் சுவக்கீன்.

அவள் அம்மியைக் கழுவினாள். கழுவிய தண்ணீரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினாள். மறுபடியும் கழுவினாள். பிறகு மிளகாய் எடுத்து அரைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் மூடுபனி. மாரப்பன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். சுவக்கீன் பேர் வருகிற இடத்தில் ஒரு நொடி நின்றார். கூப்பிடவில்லை.

"சிசிலி."

"இருக்கேன்" என்றாள்.